பின்பக்கத்துப் பொட்டு

திண்டிவனத்து வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். கூடத்துச் சுவரில் இருந்த பழைய தலைவர் படத்தைக் கழற்றிய பெயின்டர், அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாக்கா, பின்னாடி அட்டையிலயும் பொட்டு வெச்சிருக்கு?"

மங்கிப்போன அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும், விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வரும் சித்தப்பாவின் பீடி வாசனை எனக்கு அடித்தது.

டில்லியை ஆண்ட அந்தத் தலைவரின் திட்டத்தில்தான் எங்களுக்கு மனைப்பட்டா கிடைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சாமி படங்களோடு அதற்கும் பொட்டு வைப்பாள். அதே ஆட்சியில்தான், அரசை எதிர்த்துக் கூட்டம் போட்டதற்காகச் சித்தப்பாவைப் போலீஸார் பிடித்துப்போய் வலக்கை விரல்களை ஒடித்து அனுப்பினார்கள். அதனால் அவர் வரும் நாளில் அப்பா படத்தைச் சுவர் பக்கம் திருப்பிவிடுவார். அன்று வெள்ளிக்கிழமையாக இருந்தால், அம்மா அட்டைக்கே பொட்டு வைத்துவிடுவாள்.

ஒருநாள் அப்பா ஊரில் இல்லை. நாங்கள் திருப்ப மறந்துவிட்டோம். சாப்பிட உட்கார்ந்த சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா பதறி எழுந்தாள்.

"இருக்கட்டும் அண்ணி. நான் குந்திக்கினு துன்றதும் இவுங்க குடுத்த எடத்துலதானே."

இடக்கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டு முடித்தார். பிறகு எழுந்துபோய், வளைந்த விரல்களால் படத்தைத் தானே சுவர் பக்கம் திருப்பினார்.

"நான் போனதும் நேரா வெச்சிடுங்க."

இப்போது அம்மாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை.

"எந்தப் பக்கமா மாட்டட்டும்க்கா?" என்றார் பெயின்டர்.

"சாயந்திரம் எங்க சித்தப்பா புள்ள வர்றான். அவன் போனப்புறம் மாட்டிக்கலாம்" என்றேன்.