மூன்றாவது லெவலின் அலைகள்

சவரி வரைந்த படங்களை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே ஒரு காரியம் செய்தவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேச்சு வளர்ந்தால் துணிவு போய்விடும்.

நேற்று பீரோவைத் துடைக்கையில் ஒரு பழைய பட்டன் போன் கிடைத்தது. பேட்டரி உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் போன்களின் காலத்தில், சிதம்பரம் கீழ வீதியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், நானும் என் மனைவியின் தம்பி சவரியும் போனில் ஆடும் விளையாட்டுகளைச் செய்து வெளியிடும் கம்பெனி நடத்தினோம். கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. கல்லூரியில் பாடம் நடத்தி விருப்ப ஓய்வில் வந்த எனக்கு அப்போதே ஐம்பது தாண்டிவிட்டது. சவரி கடலூர் முதுநகரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக்கொண்டிருந்தவன். நான் புரோகிராம் எழுதுவேன். அவன் படம் வரைவான். கீழே துணிக்கட்டு பிரிக்கும்போதெல்லாம் கஞ்சி வாசனை மேலே ஏறி வரும். இன்றும் புதுச்சட்டை போட்டால் எனக்குப் பொறாமைதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் முதல் விளையாட்டில் ஒரு மீன்பிடிப் படகு முதுநகர் துறைமுகத்தில் புறப்பட்டு, பரங்கிப்பேட்டையைக் கடந்து, முகத்துவாரத்து அலைகளைத் தாண்டி, பிச்சாவரம் காட்டுக்குள் நுழைய வேண்டும். சுனாமி வந்துபோன மறு வருஷம் அது. “படகு முழுகக் கூடாது மாமா. தோத்தா கரைக்குத் திரும்பிப் போவட்டும். நம்ம ஊரு பாத்தது போதும்” என்றான் சவரி. அப்படியே செய்தேன். பார்த்தவர்களெல்லாம் அதைத்தான் மெச்சினார்கள்.

நாலாவது லெவலான காட்டில் அவன் இன்னும் மேலே போய்விட்டான். சுரபுன்னை வேர்களுக்கிடையே பச்சை வெளிச்சம், ஒற்றைக்காலில் ஒரு நாரை, எல்லாம் தீப்பெட்டி அளவுத் திரையில். “எந்தம்பி கையப் பாத்தீங்களா? நீங்க என்னமோ டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே கெடக்கீங்க” என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். விளையாட்டைப் போன்களில் விற்க ஒப்புக்கொண்ட சென்னை நிறுவனத்திலிருந்து வந்த பெண், “யாரு வரஞ்சது?” என்று கேட்டுச் சவரிக்குக் கை கொடுத்தார். படகை ஓடவைத்தது யார் என்று கேட்கவில்லை. அத்தனை வருஷம் பாடம் நடத்தியவன் ஒரு நாரையிடம் தோற்றேன்.

சென்னைக்கு அனுப்புவதற்கு முன், மூன்றாவது லெவலான முகத்துவாரத்தில் அலையின் வேகத்தைக் கூட்டினேன். ஓர் எண்ணை மாற்றினால் போதும். சவரிக்குத் தெரிய வழியில்லை. எந்த லெவலுக்கும் நேராகத் தாவ, வேலை வசதிக்காக, எங்களுக்கு மட்டும் ஒரு பட்டன் வைத்திருந்தோம். அதை அழுத்தித்தான் அவன் எப்போதும் காட்டுக்குள் போவான். வாங்கியவர்களின் படகோ முகத்துவாரத்திலிருந்து கரைக்குத் திரும்பிக்கொண்டே இருந்தது.

சில மாதங்களில் சென்னைக்காரர்கள் கைவிட்டார்கள். “மூணாவதோட எல்லாரும் நிறுத்திடுறாங்க சார். மனசு ஒட்டல போல” என்றார் அந்தப் பெண் போனில். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சவரி, “எம்படத்துலதான் ஏதோ கொற மாமா” என்றான்.

“அப்புடியெல்லாம் இல்ல மச்சான்” என்றேன். ஆமாம் என்று படும்படி இழுத்துத்தான் சொன்னேன்.

அதன்பின் கல்லூரிப் பையன்கள் செய்த இரண்டு விளையாட்டுகளை வெளியிட்டோம். சவரி எதற்கும் வரையவில்லை. கம்பெனியை மூடினோம்.

2012இல், மனசு கேட்காமல், அந்த எண்ணைக் குறைத்து, விளையாட்டை முதுநகர் ரீசார்ஜ் கடைகளுக்குச் சும்மா கொடுக்கப் போனேன். “இப்ப எல்லாம் டச்சு போனு அய்யா. இத யாரு ஏத்திக்குவா?” என்றார் கடைக்காரர். அங்கிருந்து நேராகச் சவரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் திட்டவில்லை. “அப்ப படம் நல்லாத்தான் இருந்துச்சா?” என்றான்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு மச்சான். அதான்...”

என் போனை வாங்கி மூன்றாவது லெவலைத் தானே ஆடித் தாண்டினான். காட்டுக்குள் படகை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்தான். பிறகு போனை என் கையில் வைத்து, “பஸ்சு வந்துரும், கெளம்புங்க” என்றான்.

அந்த ரீசார்ஜ் கடைகள் இப்போது இல்லை. எங்கள் மாடியில் அழகு நிலையம் நடக்கிறது. சவரி கல்யாணப் பத்திரிகைகளுக்கு எழுத்து மட்டும் கோக்கிறான். படத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறான். குடும்ப விசேஷங்களில் என்னைப் பந்திக்கு அழைப்பவன் அவன்தான், அக்காள் புருஷனுக்குரிய மரியாதையில் ஒன்றும் குறைக்காமல்.

“வாங்க சார், சாப்புடலாம்.”