அப்பா எடுத்த சனிக்கிரகம்

அப்பாவின் கண் கெட்டுக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவை அவர் எடுத்த சனிக்கிரகப் படங்கள். நானும் அம்மாவும் அந்தப் படங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்போது எனக்குப் பத்து வயது. கெடாவின் பெண்டாங்கில் நெல் வயலை ஒட்டிய தாமான் குடியிருப்பில், வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டினார். காலையில் தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போவார், மதியம் திருப்பிக் கொண்டுபோய் விடுவார். பக்கத்து வீட்டு அப்பாக்கள் சாயங்காலமானால் டிவியில் பந்தாட்டம் பார்த்தார்கள். எங்கள் அப்பா பின்பக்கம் போய் வானத்தைப் பார்த்தார். அலோர் ஸ்டாரில் ஒரு சீன வாத்தியார் வேண்டாமென்று கொடுத்த தொலைநோக்கி, துணிக் கம்பிக்கு அடியில் பீரங்கி மாதிரி நின்றது. அது வந்த பிறகு ஈரத்துணியைக் குனிந்து குனிந்துதான் காயப்போட வேண்டியிருந்தது.

ஒரு பழைய வெப்கேமராவின் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் அதைச் செருகுவார். ஒற்றைப் படம் எடுத்தால் உதவாது. காற்றின் அசைவில் கிரகம் தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளியும். அதனால் வீடியோவாக எடுப்பார். கூடத்துக்கு வந்து லேப்டாப்பில் போட்டால், மென்பொருள் அந்த வீடியோவை ஆயிரக்கணக்கான படங்களாகப் பிரித்து, நெளியாதவற்றை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கிக் கொடுக்கும். அதுவும் மங்கலாகத்தான் இருக்கும். கடைசியில் கூர்மையைக் கூட்ட ஒரு பட்டை உண்டு. அதை வலப்பக்கம் இழுக்க இழுக்க வளையம் உடம்பிலிருந்து பிரிந்து வரும். அந்தப் பட்டையை இழுக்கும் உத்தியோகம் எனக்கு.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. வியாழனை எடுத்தால் பேசாமல் இருப்பார், குரு பகவான் என்று ஒரு மரியாதை. சனியை எடுத்தால்தான் வினை. கோயிலில் நவக்கிரகம் சுற்றும்போது சனீஸ்வரனுக்கு எதிரே வந்ததும் என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிடுவார், அவர் பார்வை நேராக மேலே விழக்கூடாதென்று.

"கோயில்லயே நேரா நின்னு பார்க்கக்கூடாதுங்கிறோம். இந்த மனுசன் கண்ணாடி வெச்சுப் பெருசாக்கிப் பார்க்கிறாரு. எங்க போய் முடியுமோ."

அப்பா சிரித்துக்கொள்வார். சனிக்கிழமை தவறாமல் அம்மா கோயிலில் எள் விளக்கு ஏற்றுவார். அப்பா பார்த்துவைத்த வம்பை அம்மா விளக்கேற்றித் தீர்க்கிறார் என்று ஒரு கணக்கு.

அந்த வருடம் அப்பாவின் ரசனை மாறத் தொடங்கியது. எனக்கு வளையம் மெல்லியதாகத் தெரிந்தாலே போதும், நிறுத்திவிடுவேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் பாப்பா" என்பார். இழுப்பேன். "இன்னும்." படம் முழுக்க மணல் கொட்டியது போலப் புள்ளி புள்ளியாகும். வளையம் கறுத்துப்போய் முள்கம்பி மாதிரி நிற்கும். "ஹாங், இப்பதான் நல்லா தெரியுது" என்பார். அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, சனிக்கே அம்மை போட்டிருக்கு" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அப்பாவும் எங்களோடு சிரித்தார்.

அப்பாவுக்குப் பல வருடமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். படம் மங்கலாக வந்தபோது முதலில் வைக்கோல் கொளுத்தும் புகைமேல் பழி போட்டார். புகை அடங்கியதும் பனி என்றார். பிறகு தொலைநோக்கியின் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று அதைக் கழற்றி, பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் வாங்கிவந்து, பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இரண்டு கையாலும் ஏந்திக் கழுவினார். எனக்கு அது பளிச்சென்றுதான் தெரிந்தது. அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "போகல பாரு, இன்னும் மங்கலாவே இருக்கு" என்றார். 

அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூட கேட்டில் வேன் உரசியது. பிள்ளைகள் எல்லாம் உள்ளே இருந்தோம், யாருக்கும் அடியில்லை. வீட்டில் அம்மா பிடித்துக்கொண்டார்.

"கிளினிக்குக்குப் போய் கண்ணைக் காட்டுங்க."

"கேட்டு சின்னதுலா. கண்ணுக்கு ஒன்னுமில்ல."

"சனியை நேரா பார்க்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

 அப்பா எழுந்து பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். தொலைநோக்கியைத் தடவியபடி சொன்னார்: "டாக்டர் பார்த்தா லைசென்ஸ் போயிடும் பாப்பா. கண்ணு போச்சுன்னா சோறு யாரு போடுறது? அதுக்கும் உங்கம்மா சனிதான்னு சொல்லுவா. இப்ப சுசாலா." கஷ்டம் என்பதை அவர் எப்போதும் மலாயில்தான் சொல்வார். அவர் பயந்திருந்தார். என்னிடம் சொல்லவேண்டிய அளவுக்குப் பயந்திருந்தார். எனக்கோ, பெரியவர்கள் விஷயத்தை என்னிடம் பேசுகிறாரே என்று பெருமையாக இருந்தது.

பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். பொழுது சாய்ந்து சனி வயலுக்கு மேலே வந்ததும் அப்பா கூப்பிட்டார். கிரகத்தைத் துலக்கமாக்கும் திருகை அன்று என்னைத் தொடவிடவில்லை. தானே திருகினார். வெகுநேரம் திருகினார். வீடியோ எடுத்து முடித்துக் கூடத்தில் வந்து உட்கார்ந்தோம். நான் லேப்டாப்பைத் திறந்தேன். இன்னும் பிரிக்கவில்லை, அடுக்கவில்லை, பட்டையைத் தொடவே இல்லை. திரையில் இருந்தது வீடியோவின் முதல் படம் மட்டும். மஞ்சள் கரு உடைந்து பரவியது போல ஒரு கறை. எது உடம்பு, எது வளையம் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனார்.  பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நல்லா வந்திருக்கு பாப்பா. இனிமே தொடாதே."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை மாதமாக நான் குறை என்கிறேன், அவர் கூட்டு என்கிறார்! கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டார். கூட்டவே வேண்டாம் என்கிறார்! அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா ஒத்துக்கிட்டாரு! இது போதும், தொடாதேன்னு சொல்லிட்டாரு!"

அம்மா நெற்றியில் விபூதியோடு குனிந்து பார்த்தார்.

"இதையா நல்லா இருக்குன்னாரு?"

"ஆமா. கிட்டப் போய் பார்த்துட்டுதான் சொன்னாரு."

சனியைப் பற்றி அம்மா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ கூடத்தை எட்டிப் பார்த்தார். அப்பா அதே நாற்காலியில், லேப்டாப் இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஞாயிறு. எங்கள் கெடாவில் அன்றுதான் வாரத்தின் முதல் பள்ளிநாள், விடிந்ததும் வேன் கிளம்பவேண்டும். அம்மா ஆணியிலிருந்து வேன் சாவியை மெதுவாகக் கழற்றினார். அரிசி டின்னைத் திறந்து, சாவியை முழங்கை வரை உள்ளே புதைத்துவிட்டு மூடினார். மூடியின்மேல் கையை ஊன்றியபடி நின்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கும் நானே படம் பண்ணட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா சரியென்று தலையை ஆட்டினார். அந்தப் படம் அவருக்கும் அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.