கீழ்ப்பெட்டியின் இடது ஓரம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன் படங்கள் எல்லாம் அடித்தளத்து அறையில், இரும்பு அலமாரிக்குள் இருக்கும் சேமிப்புப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. அவற்றைக் கட்டி மேய்ப்பவளுக்குக் கேபிள் அக்கா என்று பெயர். வாய் கொஞ்சம் நீளம். "வயர் சொருகுற போர்ட்ல பச்சை விளக்கு எரிஞ்சா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தமா? வயர் தொட்டுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். உள்ளே தகவல் போகுதா, பாதியில சாகுதான்னு அது சொல்லாது" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களை முதல் நாளே பிடித்துக்கொள்வாள்.

அவள் புருஷனுக்கும் அங்கேதான் வேலை. மாடியில் உட்கார்ந்து, அந்தப் பெட்டிகளின் நிலவரம் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் அவளுடைய அண்ணன் வீட்டில், அத்தனை பேர் முன்னால், "இவளுக்கென்ன, வயரைச் சொருகுற வேலைதானே" என்று திருவாய் மலர்ந்தார். அண்ணி சிரித்துவிட்டாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. மனுஷன் மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் பேச்சே கிடையாது என்று முடிவு கட்டினாள். எழுதினாலும் பேச்சுதான் என்பதால் மெசேஜும் கிடையாது.

இன்று மத்தியானம் அவரிடமிருந்து அவள் போனுக்கு வேலை உத்தரவு வந்தது. "கீழ்ப்பெட்டி. இடது ஓர போர்ட்டில் தகவல் போகவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டவும்." கட்டின பெண்டாட்டிக்கு 'மாட்டவும்'. பல்லைக் கடித்துக்கொண்டு அலமாரியின் பின்பக்கம் போனாள்.

மேல்பெட்டி காலையிலேயே ரிப்பேருக்குப் போய்விட்டது. கீழ்ப்பெட்டியில் இருந்தது இரண்டே கேபிள். இரண்டு போர்ட்டிலும் பச்சை. ஒன்று சும்மா எரிகிறது, இன்னொன்று மொத்த ஆஸ்பத்திரியையும் சுமக்கிறது. ஆபரேஷன் அறையில் டாக்டர் படத்தைப் பார்த்துத்தான் கத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

இடது பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கீழ்ப்பெட்டியை இந்த அலமாரியில் தலைகீழாகத்தான் மாட்டுவார்கள். அவர் பார்க்கிற திரையிலோ நேராக வரைந்திருக்கும். அப்படியானால் அந்த மகானுபாவர் சொன்னது எந்த இடது? கேட்டால்தான் தெரியும். கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும்.

"போயும் போயும் இன்னைக்கா" என்று முணுமுணுத்தாள். ரோஷத்துக்குக் குறைச்சலில்லை. ஆனால் மேலே யாரோ ஒருத்தருக்கு வயிறு திறந்து கிடந்தது. போனைப் போட்டாள்.

"இடதுன்னா எந்த இடது?"

"திரையில தெரியுற இடதுதான். ஏன்?"

"பெட்டி தலைகீழா இருக்கு. உங்க இடது எனக்கு வலது. நீங்க எழுதினபடி பிடுங்கியிருந்தா ஆபரேஷன் நடுவுல படம் போயிருக்கும்."

"எனக்கு அது தெரியாதும்மா."

"எப்படித் தெரியும்? வயரைச் சொருகுறவளுக்குல்ல தெரியும். அந்த போர்ட் விளக்கை அங்கேருந்து சிமிட்ட வைங்க, பார்த்துக்கிறேன்."

வலது ஓர விளக்கு சிமிட்டியது. கேபிளை உருவி, முனையைத் துடைத்து, டக்கென்று சத்தம் வருகிற வரை அழுத்தினாள்.

"இப்போ?"

"போகுது. நல்லாப் போகுது."

வேலை முடிந்தும் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அதை நிறுத்துங்க."

"நிறுத்தினா நீ போனை வச்சிடுவே" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்புதான்" என்றார்.

அக்கா விட்டுக்கொடுப்பாளா?

"இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போறோம். அண்ணி முன்னால சொல்லுங்க" என்று போனை வைத்தாள்.