இரண்டாவது போத்தல்

வாட்டுக்கு வந்த கொழுந்து லொறி

கமலத்தைத் தேயிலைக் கொழுந்து லொறியில்தான் கொண்டு வந்தார்கள். அம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க அவளுடைய கணவனுக்குப் பொறுமை இல்லை. நல்லவேளை, அந்த அவசரம் அவளைக் காப்பாற்றியது. அதே அவசரம் அன்று பிற்பகலே அவளைக் கொல்லவும் பார்த்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் அப்போது மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் பெண்கள் வாட்டின் மூத்த நர்ஸ். இந்தப் பக்கத்துச் சனங்களுக்கு நர்ஸ் என்றால் ‘மிஸ்ஸி’. என் வாய் கொஞ்சம் பொல்லாதது. என் சத்தம் கேட்டால் புதிதாக வந்த பிள்ளைகள் மருந்து ட்ரேயை நேராக்குவார்கள். அதை மாற்றிக்கொள்ள நான் பெரிதாக முயன்றதும் இல்லை. இப்போது ஓய்வில் இருக்கிறேன், திட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கமலம் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். என் மகள் வயது. மூன்று நாட்களாக வாந்தியும் வயிற்றோட்டமும். கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டு மூன்றாம் நாளும் மலைக்கு வேலைக்குப் போயிருக்கிறாள். தேயிலை நிரையில் நின்றபடியே விழுந்திருக்கிறாள்.

கண்கள் குழிந்து, நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நாடி விரலுக்குச் சரியாகத் தட்டுப்படவில்லை. டாக்டர் பார்த்த உடனே சேலைனை வேகமாக ஏற்றச் சொன்னார். நரம்பெல்லாம் சுருங்கிக் கிடந்ததால் ஒரு குத்து வீணாகி, அடுத்ததில்தான் முழங்கைக்குக் கீழே ஒன்று அகப்பட்டது. ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாயான கெனுலாவைப் போட்டு, பரிசோதனைக்கு இரத்தமும் எடுத்துவிட்டு, ட்ரிப் டியூபில் இருக்கும் சின்னச் சக்கரத்தை மேலே தள்ளினேன். சேலைன் சொட்டாக விழவில்லை, ஓடியது.

கணவன் ராசு கட்டிலின் கால்மாட்டில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் போத்தல் முடியும் தறுவாயில் கமலம் கண்ணைத் திறந்தாள். “சின்னவ எங்க?” என்று கேட்டாள். தோட்டக் குடியிருப்பான லயத்தில், பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்த நான்கு வயது மகளைத்தான் கேட்டாள். ராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

ஒரே தண்ணீர்

பிற்பகல் இரத்த ரிப்போர்ட் வந்தது. பொட்டாசியம் நன்றாகக் குறைந்திருந்தது. வாந்தியோடும் பேதியோடும் உடம்பை விட்டுப் போகும் உப்புகளில் அதுவும் ஒன்று. அது குறைந்தால் கை கால் தளரும், இதயத்தின் தாளம் தப்பும். சரி, கொடுத்துவிடலாம் என்று அவசரப்பட்டு ஏற்றினால் இதயம் நின்றே போகும். பொட்டாசியத்தை ஒருநாளும் ஊசியில் எடுத்து நேரே நரம்பில் தள்ளக் கூடாது என்று முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லித் தருவார்கள். நானும் பலரைக் குட்டியிருக்கிறேன்.

கமலத்துக்குச் சிறுநீர் போகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டோம். டாக்டர் எழுதியதை நானும் இளைய நர்ஸ் தர்ஷினியும் சேர்ந்து வாசித்தோம். குப்பியின் பெயரையும் அளவையும் அவள் ஒரு தடவை சொல்ல, நான் ஒரு தடவை சொன்னேன். மருந்து அடியில் தங்கிவிடாதபடி போத்தலைப் பலமுறை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலந்தோம். சிவப்பு லேபல் ஒட்டினோம். மருந்தை அளந்து ஏற்ற வாட்டில் இருந்த ஒரே இன்ஃபியூஷன் பம்ப் வேறொரு நோயாளியிடம் இருந்தது. அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டுகளை எண்ணி, சக்கரத்தை அதற்கேற்ற இடத்தில் வைத்தேன்.

“அசையாம படு கமலம், இது மெதுவாத்தான் போகும்” என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனேன். ராசு அப்போது தேநீர் வாங்க வெளியே போயிருந்தான். அவன் திரும்பி வந்தபோது கட்டிலருகில் விளக்கம் சொல்ல யாரும் இல்லை. சிவப்பு லேபல் எங்களுக்குப் பேசும். அவனுக்கு அது அதே போத்தல், அதே டியூப், அதே தெளிந்த தண்ணீர். வெளுத்ததெல்லாம் பால்தான்.

பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டிலில் ஆயிஷா என்று ஒரு அம்மா இருந்தார். பஜாரில் சில்லறைக் கடை வைத்திருக்கும் குடும்பம். வாட்டில் யாருக்கு என்ன நோய், யாரைப் பார்க்க யார் வந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அடுத்தவர் விடுப்பு அறியும் அந்தக் குணத்துக்காக நான் அவரைக் கேலி செய்வதுண்டு. அன்று முதல் செய்வதில்லை.

“மிஸ்ஸி, இங்க கொஞ்சம் வாங்க” என்று அவர் கூப்பிட்டார். “இந்தப் புள்ள சேலைய வாயில வச்சிக் கடிச்சிக்கிட்டு கெடக்கு. கேட்டா ஒண்ணும் இல்லங்குது.”

போய்ப் பார்த்தேன். கமலத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது. ட்ரிப் போட்ட கை விறைத்துக் கிடந்தது.

“என்னம்மா செய்யுது?”

“ஒண்ணும் இல்லீங்க மிஸ்ஸி.”

நிமிர்ந்து போத்தலைப் பார்த்தேன். சொட்டு இல்லை, ஓட்டம். கால்வாசி இறங்கியிருந்தது. என் கை சக்கரத்தை மூடிய பிறகுதான் என் வாய் திறந்தது. தர்ஷினியை டாக்டரைக் கூப்பிட அனுப்பினேன்.

“கை எரியுதா கமலம்?”

“மருந்துன்னா எரியத்தானேங்க செய்யும். காலையில ஏத்துனதுலதானே உசுரு வந்துச்சி. பொறுத்துக்கிறேங்க மிஸ்ஸி.”

டாக்டர் ஓடி வந்தார். ஈசிஜி மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தோம். இதயம் தடுமாறினால் கொடுப்பதற்குக் கல்சியம் ஊசியை ட்ரேயில் எடுத்து வைத்தேன். மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பினோம். ஈசிஜி தாள் வெளியே வரும்வரை அவளுடைய மணிக்கட்டை நான் விடவில்லை. இத்தனை வருஷ அனுபவம் என்ன செய்தது? பயம் வந்தது, அவ்வளவுதான். லயத்து வாசலில் அம்மாவைத் தேடிக்கொண்டு நிற்கும் ஒரு பிள்ளையின் நினைப்பாகவே இருந்தது.

டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். “பயப்படுற மாதிரி இல்ல மிஸ். ஆனா இதே வேகத்துல முழுசும் எறங்கியிருந்தா ஆளப் பார்த்திருக்க மாட்டோம். மொனிட்டர மாட்டி வைங்க, கழட்டாதீங்க” என்றார். பிறகு வந்த இரத்த ரிப்போர்ட்டிலும் பொட்டாசியம் எல்லை மீறியிருக்கவில்லை.

சக்கரத்தைத் தள்ளிய கை

“யாரு இதத் தொட்டது?” என்று கேட்டேன். என் குரல் வாட்டின் அடுத்த முனைக்கும் கேட்டிருக்கும்.

ராசு, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டது போலக் கையைத் தூக்கினான். “நான்தாங்க மிஸ்ஸி.”

“ஏன்ப்பா, ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கலையா?” என்று தொடங்கினேன். இன்னும் நிறைய வைத்திருந்தேன்.

“காலையில நீங்கதானேங்க அந்தச் சக்கரத்த மேல தள்ளுனீங்க” என்றான் அவன். “தள்ளுனதும் இவ கண்ண முழிச்சா. டீ வாங்கிட்டு வந்து பாத்தா சொட்டுச் சொட்டா விழுவுது. நீங்களும் அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு இருந்தீங்க. மறந்துட்டீங்க போலன்னு நெனச்சேன். உங்களுக்கும் ஒதவியா இருக்கும், சீக்கிரம் ஏறுனா சீக்கிரம் டிக்கட் வெட்டுவீங்க, சின்னவகிட்ட போயிறலாம்னு…”

டிக்கட் வெட்டுவது என்றால் வீட்டுக்கு அனுப்புவது. அவன் விளையாட்டுக்குத் தொட்டவன் இல்லை. மனைவிக்கு உயிர் வந்ததைக் கண்ணால் கண்டு, அதையே திரும்பச் செய்தவன். வாயால் எதுவும் சொல்லாவிட்டாலும் எங்கள் கை பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

காலையில் முடிந்த வெறும் போத்தலை எடுத்து, சிவப்பு லேபல் போத்தலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். “இங்க பாரு ராசு. இது வெறும் சேலைன். காலையில இவ ஒடம்புல தண்ணியே இல்ல, அதனால ஓட விட்டேன். இதுல வேற ஒரு உப்பு கலந்திருக்கு. மெதுவாப் போனா மருந்து, ஓடிப் போனா நெஞ்சு நின்னுரும். ரெண்டும் பாக்க ஒரே மாதிரித்தான் இருக்கும். அதுக்குத்தான் இந்தச் செவப்பு.”

அவன் இரண்டு போத்தலையும் மாறி மாறிப் பார்த்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பகுதியில் அவனுக்கு வேலை. கொழுந்துக்கு அடியில் ஃபேன் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் அவன் கையில்தான்.

“மழைக் கொழுந்துக்குத் தொறந்த காத்த, வாடுன கொழுந்துக்கும் அப்படியே தொறந்து விட்ட மாதிரிங்களா மிஸ்ஸி?”

தேயிலையைப் பற்றி எனக்குக் குடிக்கத்தான் தெரியும். ஆனாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. “ஆமா, அப்படித்தான்” என்றேன்.

“கொழுந்து கெட்டா அதோட போச்சிங்க” என்றான். கட்டிலைப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒண்ணும் இல்லீங்க

ராசுவின் கையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது கமலத்தின் வாய்தான். பொட்டாசியம் வேகமாக ஏறினால் நரம்பு நெருப்பாய் எரியும். அந்த எரிச்சல் ஓர் எச்சரிக்கை. அவள் அதைச் சேலையைக் கடித்து விழுங்கிக்கொண்டாள்.

நானும் லயத்தில் பிறந்தவள், அதனால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். காலையில் பெரட்டில் ஆள் எண்ணும்போது “இருக்கேங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அட்டை கடித்தாலும் கால் வழுக்கினாலும் தராசில் கொழுந்து நிறுத்து முடியும்வரை வாய் திறப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் வாட்டுக்கும் வருகிறார்கள். மலையில் கங்காணி நின்ற இடத்தில் இங்கே வெள்ளை உடுப்போடு நாங்கள் நிற்கிறோம். ‘நோயாளி வலி என்று சொன்னால் ட்ரிப்பை நிறுத்திப் பார்’ என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். சொல்லாத நோயாளியை என்ன செய்வது என்று யாரும் படிப்பிக்கவில்லை.

ஆகவே நர்ஸ் பிள்ளைகளே, “என்ன செய்யுது?” என்று மட்டும் கேட்டுவிட்டு நகராதீர்கள். “ஒண்ணும் இல்லீங்க” என்றுதான் பதில் வரும். கையைத் தொட்டு, “எரியுதா, வீங்குதா, விறைக்குதா?” என்று பேர் சொல்லிக் கேளுங்கள். போத்தல் மாற்றும்போது, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இந்த வேகம் என்று நோயாளிக்கும் கூட இருப்பவருக்கும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேலை கிடக்கிறதே என்பீர்கள். எனக்கும் அன்று வேலை கிடந்தது.

அன்று மாலை கமலத்திடம் சொன்னேன்: “பம்ப்புன்னு ஒரு மெஷின் இருக்கு, ஏதும் பிழைன்னா மணி அடிக்கும். உனக்கு வாய்தான் மணி. எரிஞ்சா எரியுதுன்னு கத்து. நான் ஏச மாட்டேன்.”

“சரிங்க மிஸ்ஸி” என்றாள். நான் நம்பவில்லை. எதற்கும் அவள் சொல்வது அதுதானே.

மறுநாள்

டாக்டர் சொன்னபடி மீதிப் பொட்டாசியத்தை மற்றக் கையில், அடுத்த நோயாளிக்கு முடிந்ததும் அந்தப் பம்ப்பைக் கொண்டுவந்து வைத்து ஏற்றினோம். மறுநாள் காலையில் ராசு மகளோடு வந்தான். பம்ப்புக்கு ஓரடி தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். சின்னவள் டியூபைத் தொடப் போனபோது, “மெதுவாப் போறது, தொடக் கூடாது” என்று அவளைத் தூக்கிக்கொண்டான். ஆயிஷாம்மா அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்.

கமலத்தின் பழைய கெனுலா இன்னும் கையில் இருந்தது. வாந்திக்கான ஊசியை அதில் போடலாமா என்று பார்க்க, கொஞ்சம் சேலைனை மெல்லத் தள்ளினேன்.

“மிஸ்ஸி! எரியுதுங்க!”

வாட்டே திரும்பிப் பார்த்தது. தர்ஷினி கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டாள். நான் பிளாஸ்டரைத் தூக்கிப் பார்த்தேன். நரம்பு வழியே சிவந்து, வீக்கம் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் மருந்து போட்டிருந்தால் கை புண்ணாகியிருக்கும். கெனுலாவைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன்.

கமலத்தின் முகம் வெளிறிவிட்டது. “மன்னிச்சிக்குங்க மிஸ்ஸி” என்றாள். “சத்தம் போட்டுட்டேன்.”

எனக்குக் கண் கலங்கியது. அதை அவள் பார்க்காதபடி குனிந்து பஞ்சை இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

“இன்னொரு தடவ சத்தம் போடு” என்றேன்.