கரி பாய் தட்டினால் கூரை விழும்

திருவொற்றியூர்க் கடற்கரையோரம் ஓர் அடுக்குக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ஒரு வடக்கத்தி ஆள் மூங்கில் தடியோடு வீடு வீடாகப் போய் மேல்தளத்தைத் தட்டுகிறார் என்றும், அவர் தட்டிய வீட்டில் ஒரு மாதத்துக்குள் கூரை பெயர்ந்து விழுகிறது என்றும் எனக்குச் சொன்னவர் டீக்கடை வெள்ளத்துரை.

"சூனியம் சார். என் மச்சினி வூட்ல தட்டினான். மறுவாரமே பொத்துனு வுழுந்துச்சு. இதுக்கு இன்னா சொல்ற?"

வெள்ளத்துரை தன் பாலில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறாரோ அதே அளவுதான் செய்தியிலும் சேர்ப்பார் என்பதால், கிளம்பிப் போய் விசாரித்தேன். வதந்தியைப் பொய் என்று நிரூபிப்பது பத்தி எழுதுகிறவனுக்குச் சுலபமான பிழைப்பு. இந்த முறை அதில் மண் விழுந்தது. வெள்ளத்துரை சொன்னது அப்படியே உண்மை. அவர் தட்டுகிறார், விழுகிறது. பல வீடுகளில் அவரே நெம்பித் தள்ளிவிடுகிறார்.

பெயர் பக்ருதீன் அன்சாரி. ஜார்க்கண்டில் ஜரியா நிலக்கரி வட்டாரத்துக்காரர். அப்பா சுரங்கத்தில் கரி அள்ளியவர். மகனும் மீசை முளைத்ததும் அதே குழிக்குள் இறங்கினார். பிறகு பரீட்சை எழுதித் தேறி, சுரங்கத்தைச் சோதிக்கும் ஆளாக உயர்ந்தார். ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஆட்கள் உள்ளே போகுமுன் அவர் மட்டும் விளக்கும் தடியுமாகத் தனியே போவார். தலைக்கு மேலிருக்கும் பாறையைத் தட்டுவார். கெட்டிப் பாறை கணீரென்னும். உள்ளே பிளவு விட்டிருந்தால் காலித் தகர டப்பாபோல டொக்கென்னும். கணீரென்றால் வெளியே வந்து "போகலாம்" என்பார். டொக்கென்றால் அந்தப் பாறையை முதலில் தள்ளிவிட வேண்டும், இல்லையேல் மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை யாருக்கும் வேலையில்லை. வேலையில்லை என்றால் கூலியும் இல்லை.

அவர் ஒழுங்காக வேலை செய்த நாளில் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காததற்கு எந்த ஊரில் மாலை போடுகிறார்கள்? அவர் வீட்டு ஜன்னலுக்குக் கல்தான் வந்தது. கண்ணாடியை மாற்றிவிட்டு மறுநாளும் போய்த் தட்டினார்.

அந்தச் சுரங்கத்தை மூடியபோது ஊரே கலைந்தது. அந்தப் பக்கம் தோண்டிய கரி கப்பலேறி எண்ணூருக்கு வந்தது. அதைத் தேடிக்கொண்டு இவர் ரயிலேறி வந்தார். மனைவியும் மகனும் சூரத்தில். இவருக்கு வள்ளூர்ப் பக்கம் ஒரு காண்டிராக்டரின் கரி யார்டில் வேலை. மலைபோல் குவித்த கரி உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் புகையும். கம்பியை அடிவரை சொருகி, உருவி, உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து எந்தக் குவியலைக் கலைக்க வேண்டும் என்று சொல்வது இவர் பொறுப்பு. யார்டில் இன்ஸ்பெக்டர், வாடகைக்கு இருக்கும் இந்தக் குடியிருப்பில் கரி பாய். வந்த முதல் நாளே கலீஜ், பேஜாரு, தோஸ்து என்று தனக்குத் தெரிந்த உருதுச் சொற்களே காதில் விழுந்ததால் மொழிப் பிரச்சினை அன்றோடு தீர்ந்தது என்று நம்பினாராம். மீதிச் சொற்களோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்.

குடியிருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் கரையை அரித்ததில் வீடிழந்த மீனவர்களுக்காகக் கட்டியது. உப்புக்காற்றில் தளத்துக்குள் இருக்கும் கம்பி துருவேறி உப்பி, பூச்சைக் கீழே தள்ளுகிறது. கட்டியது யார் என்று நான் எழுதப்போவதில்லை. கட்டியவர்களே மறந்துபோனதை நான் ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்?

பாய்க்கு எதிர்வீடு ரகுபதியுடையது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். மனைவி புஷ்பவல்லி மீன் விற்கிறார். மகள் ஜெயஸ்ரீ வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். வரப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்ட, அவள் வருவதற்கு முதல் நாளே கூடத்தின் நடுவில், ஃபேனுக்குப் பக்கத்தில், ரகுபதி ஒரு கொக்கி மாட்டி வைத்திருந்தார்.

பெருநாளுக்கு சேமியா கொடுக்க வந்த பாய் கொக்கியைப் பார்த்தார். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்த் தடியோடு திரும்பினார். கொக்கியைச் சுற்றித் தட்டிய இடமெல்லாம் டொக்.

"அக்கா, இத்த ஒடைக்கணும். இன்னிக்கே."

"உனுக்கு அறுபது ஆவப்போவுது, நான் உனுக்கு அக்காவா? இன்னாத்த ஒடைக்கணும்?"

"சீலிங்கு."

"ஐயே! புள்ளத்தாச்சி வூட்ல கீறா. ஒரு ஆணி அடிக்க வுடமாட்டேன், நீ வூட்டயே இடிக்கிறேன்ற?"

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. குப்பத்தில் யாரும் மீறாத கட்டு இது. டொக்கென்ற கூரையின் கீழ் ஆளை உட்காரவிடக் கூடாது என்பது பாயின் கட்டு. இரண்டும் ஒரே கூடத்தில் மோதிக்கொண்டன. நடுவில், ஃபேன் காற்று படும் இடம் என்பதால், சரியாகக் கொக்கிக்குக் கீழே பாய்விரித்துப் படுத்திருந்தாள் ஜெயஸ்ரீ.

"வேற எங்கனா படுக்கட்டுமே," என்றார் ரகுபதி.

"வேற எங்க கீது? சமையக்கட்டுல நான் திரும்பினாலே அடுப்பு இடிக்குது," என்றார் புஷ்பவல்லி. காசிமேட்டிலிருக்கும் மாமியார் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் அங்கே முழுக்கப் பேச்சாகிவிடும்.

நம்மில் பெரும்பாலோர் இந்த இடத்தில் 'சொல்லிட்டேன், அப்புறம் உங்க பாடு' என்று சேமியாக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போயிருப்போம். பாய் போகவில்லை. அந்த நம்பிக்கையைக் கேலியும் பேசவில்லை. ஜரியாவில் சுரங்க வாயிலில் காளி படம் இருக்கும். ஆட்கள் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள், அவர்கள் கும்பிட்டு முடிக்கும்வரை இவரும் தொப்பியோடு ஓரமாக நிற்பார். பயத்தோடு உள்ளே போகிறவனிடம் தர்க்கம் பேசக் கூடாது என்று அங்கேயே தெரிந்துகொண்டவர்.

அன்று மாலையே நான்கு சவுக்குக் கட்டைகள் வந்து இறங்கின. மேலே பலகை, கீழே ஆப்பு. கூடத்தின் நடுவே முட்டு எழும்பியது.

"ஆணி இல்ல, ஒடைக்கல. சும்மா நிக்குது."

புஷ்பவல்லி யோசித்துப் பார்த்தார். கட்டை நிற்கக் கூடாது என்று யாரும் எங்கும் சொன்னதாக நினைவில்லை. வாயை மூடிக்கொண்டார். அந்தத் தளத்தில் இதை இன்னமும் ஓர் அதிசயமாகச் சொல்கிறார்கள்.

"சாத்தாங்காட்டுல பழைய இரும்பு பைப்பு கெடைக்குமே பாய்," என்று கேட்டார் ரகுபதி.

"இரும்பு பேசாது ரகு. திடீர்னு போயிடும். மரம் ஒடையறதுக்கு முன்னாடி கத்தும். நமக்கு ஓட டைம் கெடைக்கும்."

அதன் பிறகு தினமும் விடிகாலையில், யார்டு வேன் வருமுன், கதவைத் தட்டி உள்ளே வருவார். ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக் கேட்பார், ஆப்பை இறுக்குவார், "போகலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

"எங்க போறது பாய்? எழுந்து ஒக்காரவே முடில," என்பாள் ஜெயஸ்ரீ தூக்கக் கலக்கத்தில்.

மருமகளைப் பார்க்க மாமியார் குப்பம்மா பலகாரத்தோடு வந்தார். நான்கு கட்டைகளையும் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா சம்மந்தி, பந்தல உள்ளயே போட்டுகினியா?"

"ஆமா சம்மந்தி. வெளிய நட்டா காத்துல பிச்சிகினு பூடுது," என்றார் புஷ்பவல்லி, முகம் மாறாமல்.

ஓர் அலுவலரும் வந்தார். கட்டைகளை நாலா பக்கமும் போட்டோ எடுத்தார். அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் தூண் எழுப்பியது ஏன் என்று கேட்டார். கடைசிவரை தலையை மட்டும் மேலே தூக்கவில்லை.

ஜெயஸ்ரீக்கு வலி கண்டது. அம்மாவும் மகளும் ஏறிய ஆட்டோ முனை திரும்பியதும் பாய் யார்டுக்கு லீவு சொன்னார். ரகுபதியும் அவருமாகக் கூடத்திலிருந்த சாமான்களை வெளியே எடுத்தார்கள். கட்டைகளின் அடியில் கயிறு கட்டினார்கள். கயிற்றின் மறுநுனியோடு வாசல் நிலைக்கு வெளியே நின்றுகொண்டு பாய் இழுத்தார். முதல் கட்டை சாய்ந்தது, ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சாய்ந்தபோது, ஒரு கோரைப்பாயின் அகலத்துக்குத் தளத்தின் அடிப்பாகம் மொத்தமாக இறங்கியது. கொக்கி அதிலேயே மாட்டியபடி கிடந்தது, ஜெயஸ்ரீயின் தலையணை இருந்த இடத்தில்.

ரகுபதி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததாக பாய் சொல்கிறார். கண்ணில் தூசு என்கிறார் ரகுபதி. பெண்குழந்தை என்று சாயங்காலம் போன் வந்தது.

மறுநாளிலிருந்து வீடு மாற்றி வீடு பாயைக் கூப்பிட்டார்கள். தட்டினார், தள்ளினார். வெள்ளத்துரையின் சூனியம் பிறந்த கதை இதுதான். ஜெயஸ்ரீ படுத்திருந்த இடத்துக் கூரை தானாகவே விழுந்திருக்குமா என்று கேட்டால் மட்டும் புஷ்பவல்லி விட்டுக்கொடுப்பதில்லை. "முட்டுக் கட்டைய உருவினா வுழாம இன்னா பண்ணும்?" என்கிறார். சொல்லும்போதே பாய்க்கு நல்ல வஞ்சிரத் துண்டாக எடுத்து வைக்கிறார், காசு வாங்குவதில்லை.

ஆனால் கொக்கி விஷயத்தில் அவர் கறார். "என் கொக்கிய ஒடச்ச இல்ல, நீதான் வெக்கணும்" என்றார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதுமே. பாய் ஒப்புக்கொண்டு, லாரி எஞ்சினையே தொங்கவிடலாம் போன்ற ஒன்றைச் சாத்தாங்காட்டிலிருந்து வாங்கி வந்தார். மேல்தளத்தைப் பூசியாயிற்று. பாய் அதைத் தட்டிப் பார்த்தார். இன்னும் டொக்தான் என்று தலையை ஆட்டினார். சுவரோரம் தட்டினார், அதுவும் தேறவில்லை. குழந்தை உதயா இதற்குள் கடையில் வாங்கிய ஸ்டாண்டு தொட்டிலில் தூங்கி, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

நான் போயிருந்த அன்று, கொக்கியைக் கையிலாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாய் நீட்டினார். புஷ்பவல்லி தொடவில்லை.

"கையில குடுத்தா ஆச்சா? மாட்டிக் குடு. அடுத்த புள்ளைக்காவது ஆவட்டும்."

கணீரென்று ஓர் இடம் கிடைத்துவிடும் என்கிறார் பாய். அந்தக் கட்டடத்தில் அவர் தட்டிப் பார்க்காத வீடுகள் இன்னும் சில பாக்கி இருக்கின்றனவாம்.