ரூபவதி அம்மாள் வாசிப்பை நிறுத்திய இடங்கள்

ரூபவதி அம்மாள் காலமாகிவிட்டார்கள் என்று தையற்கடை தேவசகாயம் என் வாசலில் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. "நீர் கண்ணால பாத்தீரா?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில நர்சு சொன்னாங்க அண்ணாச்சி" என்றார். நர்சு ஆளை மாற்றிச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், என் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

நான் அப்படிப்பட்ட ஆள். ரப்பர் கிடங்கு ஒன்றில் ஜாகா என்கிற காவல் வேலை பார்த்தவன். வாசலில் உட்கார்ந்து, வெளியே போகிறவர்களின் மடியைத் தடவிப் பார்த்து அனுப்பியே வயதாகிவிட்டது. எழுத்து தெரியாது, கேட்டது மறக்காது. சபைப் பத்திரிகைக்காக நான் சொல்லச் சொல்ல ஒரு தம்பி இதை எழுதுகிறார். நல்ல பிள்ளைதான். இருந்தாலும் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்கிறேன்.

அம்மாளை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர்கள் எங்கள் சபையின் வேத அம்மா. பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து விதவையாகக் கப்பல் ஏறி வந்தவர்கள். வெள்ளைச் சேலை, துணி உறை போட்ட வேதப்புத்தகம், கறுப்புக் குடை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் என்னைப் போல வாசிக்கத் தெரியாதவர்கள்தான். அம்மாள் வாரந்தோறும் வீடு வீடாக வந்து ஓர் அதிகாரம் வாசித்து, ஜெபித்துவிட்டுப் போவார்கள். மனதில் நிற்கட்டும் என்று ஒரே அதிகாரத்தை மாதம் முழுக்க வாசிப்பார்கள். விளக்கம் சொல்ல மாட்டார்கள். ஆனால் வாசிக்கும்போது ஏதாவது ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுவார்கள். தலை குனிந்து கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் தொடர்வார்கள்.

அந்த நிறுத்தம்தான் வினையாயிற்று.

மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. யார் யாரைப் பற்றி எங்கே போய்ச் சொல்கிறான் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு இருந்தது. அந்த மாதம் மத்தேயு ஏழாம் அதிகாரம். தேவசகாயம் மூத்த மகனோடு சண்டை போட்டு, வாசற்படி ஏறாதே என்று விரட்டியிருந்தார். அவர் வீட்டில், மகன் அப்பம் கேட்டால் எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்கிற இடத்தில் அம்மாள் நிறுத்தினார்கள். சபை மூப்பர் ஆசீர்வாதம் வீட்டில், ஆட்டுத்தோல் போர்த்திக்கொண்டு வருகிற ஓநாய்களிடத்தில் நிறுத்தினார்கள். மூப்பர் துறைமுக ஆபிசில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்குத் தலைவர். கொதித்துப் போனார்.

"வீட்டு விஷயம் வெளியே போகுது. யாரோ அந்தம்மா காதுல ஓதுறாங்க" என்றார் கோப்பிக் கடையில்.

"என் வீட்டுக்காரியைக் கேட்டா ஒப்பாரி வைக்கிறா" என்றார் தேவசகாயம்.

"என்னைப் பாத்து ஓநாய்ன்னா என்ன அர்த்தம் லா?"

"பேரைச் சொல்லலியே" என்றேன் நான்.

"பேர் வேற சொல்லணுமா? என் நாற்காலியில உக்காந்துகிட்டு, என் வீட்டுக் கேக்கைத் தின்னுகிட்டு."

மூப்பர் போதகரிடம் போய், அம்மாளை வீடுகளுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மாளுக்கு அது ஒன்றுதான் வேலை. சபை கொடுத்த அறையும் அந்த வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பேசலாம் என்றார் போதகர். அதற்குள் துப்புக் கொடுப்பது யார் என்று கண்டுபிடிக்க மூப்பர் என்னைப் பிடித்தார். "யாக்கோபு, உமக்கு ஆளைப் பாத்தாலே தெரியும்லா. பின்னாலயே போய்ப் பாரும்."

போனேன். கடைகளுக்கு முன்னால் கூரை போட்ட அஞ்சடியில் தூணுக்குத் தூண் மறைந்து நின்றேன். அம்மாள் யாரோடு பேசுகிறார்கள், யார் அவர்களை ஒதுக்குப்புறமாகக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் நின்று காது கொடுத்தேன். மழை பெய்து சந்தில் தண்ணீர் ஏறிய அன்றும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நானும் நனைந்துகொண்டே பின்னால் போனேன். யாரும் எதையும் ஓதவில்லை.

கடைசியில் என் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். நான் குறுக்கே ஓடி முன்னால் போய், ஒன்றும் தெரியாதவனைப் போலப் பாயில் உட்கார்ந்துவிட்டேன். சகோதரன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்க்கிறவன் தன் கண்ணில் கிடக்கிற உத்திரத்தைப் பார்க்கவில்லையே என்கிற இடம் வந்தது. அங்கே நிறுத்தினார்கள். எனக்குச் சுருக்கென்றது. திரும்பி என் மனைவி மரியாளைப் பார்த்தேன்.

"என்னை ஏன் பாக்குறீங்க? நான் வாயைத் திறக்கவே இல்ல" என்றாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கூட்டம் கூடியது. துப்புக் கொடுத்தவர் யாரும் இல்லை என்று சொன்னேன். மூப்பர் நம்பவில்லை. உள்ளபடி எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. "அப்ப வீட்டுக்கு வீடு வேற வேற இடத்துல நிக்குதே, அது எப்படி?" என்று கேட்டார்.

போதகர் அம்மாளைப் பார்த்தார். அம்மாள் குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்: "அவங்களுக்காக நிறுத்தினது இல்லீங்கய்யா. எனக்குத் தொண்டை அடைச்சு நின்னது. தையக்காரர் வீட்டுல பிள்ளைங்க வளையவரும். என் மகனை அக்கா வீட்டுல விட்டுட்டு வந்தேன். உங்ககிட்டயே வந்துடுறேம்மான்னு ஆள்கிட்ட சொல்லி அனுப்பினான். ஜெபம் பண்ணுன்னு பதில் சொல்லி அனுப்பினேன். நான் கொடுத்தது கல்லு."

தேவசகாயம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அப்ப அந்த ஓநாய்?" என்றார் மூப்பர்.

"அது நான்தாங்க. உங்க வீட்டுல கேக்கு கிடைக்கும்னு காலையில பசியாறாம, மத்த வீடுகள்ல ஜெபத்தைச் சுருக்கிட்டு ஓடி வருவேன். வெள்ளைச் சேலைக்குள்ள இருக்கிறது அதுதான்."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூப்பருக்கு அடக்குவதற்குச் சிரிப்பே வரவில்லை.

"என் வீட்டுல?" என்று நான் கேட்டேன்.

"தூணுக்குப் பின்னால உங்க காலு தெரிஞ்சுதண்ணே. இந்த மனுஷன் எதையோ திருடத்தான் அலையுறாருன்னு வழியெல்லாம் நினைச்சுகிட்டே வந்தேன். உங்க வீட்டுல உக்காந்து அந்த வசனத்தை வாசிக்க எனக்கு வாய் வரல."

ஜாகாவைத் திருடன் என்று நினைத்த ஆள் அவர்கள் ஒருவர்தான்.

கூப்பிடுகிற வீடுகளுக்கு மட்டும் போகலாம் என்று முடிவாயிற்று. யாரும் கூப்பிடாவிட்டால் கப்பல்தான். முதலில் கூப்பிட்டவர் தேவசகாயம். அடுத்தது நான். நம்பிக் கூப்பிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர்கள் சொன்னது சாமர்த்தியமான பதிலாக இருக்கலாம். என்றைக்காவது பிடிபடும் என்றுதான் கூப்பிட்டேன். அதன் பிறகு எத்தனையோ அதிகாரங்கள். அவர்கள் புத்தகத்தைப் பார்க்க, நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டேன். ஒரு வசனம் காதில் விழுந்தால் இது இன்னாருக்குப் பொருந்தும் என்று எனக்கு உடனே தோன்றும். அம்மாள் ஒரு வசனத்தையும் அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பவில்லை. தனக்கே எடுத்துக்கொண்டார்கள்.

தேவசகாயத்தின் மூத்த மகன் எப்போது வீடு திரும்பினான் என்று தெரியாது. ஒரு நாள் பார்த்தேன், தகப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அம்மாளும் தம் மகனை வரவழைத்தார்கள். சாங்கியில் வெள்ளைக்காரர் முகாமில் அவனுக்கு வேலை கிடைத்தது. மூப்பர் கடைசி வரை கூப்பிடவில்லை. கேக்கு மட்டும் அவர் மனைவி கையால் அம்மாளின் அறைக்குப் போகும். அது அவருக்குத் தெரிந்து போனதா தெரியாமல் போனதா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

போன வாரம், அவர்கள் காலமாவதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். "கண்ணு மங்கிட்டுதண்ணே. புத்தகம் இருக்கு, வாசிக்க ஆளில்ல" என்றார்கள். எனக்கு எழுத்து தெரியாதே. அந்த ஏழாம் அதிகாரம் நெஞ்சில் இருந்தது. வாய்ப்பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் ஓர் இடத்தில் என் தொண்டை அடைத்துக்கொண்டது. நின்றுவிட்டேன்.

அம்மாள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன்.

"நான் கேக்க மாட்டேண்ணே. மெதுவா சொல்லுங்க" என்றார்கள்.

மீதியைச் சொன்னேன். மழை பெய்து, பெருவெள்ளம் வந்து மோதியும், பாறையின் மேல் கட்டிய வீடு விழவில்லை என்று முடிப்பதற்குள் உறங்கியிருந்தார்கள்.

அம்மா, நீங்கள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா என்று நான் யாரிடமும் விசாரிக்கப் போவதில்லை.