கஸாலா வீட்டு ஆம்பளை

எங்கள் ஊரில் உன் பெயர் என்ன என்று யாரும் கேட்பதில்லை, எந்த வீடு என்றுதான் கேட்பார்கள். கஸாலா வீட்டில் உண்டு உறங்குகிறவன் கஸாலா. செத்தால் கல்லறையிலும் அதையே வெட்டுவார்கள். பாரிஸ்காரர்களுக்கு இது புரியாது. அவர்களுக்குப் புரியாததையெல்லாம் விளக்க உட்கார்ந்தால் என் ஒயின் கடையை யார் பார்ப்பது?

ஒனோரே கஸாலா சண்டையில் ஜெர்மன்காரனிடம் பிடிபட்டு, ஐந்து வருஷம் கைதியாகக் கிடந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில் ஊர் திரும்பினான். போகும்போது கட்டை குட்டையான ஆள். வாயைத் திறந்தால் வசவு, கையைத் தூக்கினால் பொண்டாட்டி ஓலாலிக்கு அடி. திரும்பி வந்தவன் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னான். அங்கேயே எங்களுக்குச் சந்தேகம் தட்டியது. பட்டினி கிடந்து அரையடி உயரம் கூடிய ஒரே மனிதனை உலகத்தில் நாங்கள்தான் பார்த்திருப்போம்.

"முகாம் சாப்பாடு ஆளையே மாத்திடுச்சு" என்றான்.

"ஆமாமா, மாத்தும் மாத்தும்" என்றோம்.

ஓலாலி வாசலில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள். அவ்வளவுதான் விசாரணை. அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாங்களும் கேட்கவில்லை. கஸாலா வீட்டுக்கு ஓர் ஆம்பளை வந்துவிட்டான், ஊருக்கு அது போதும்.

அவனுக்குத்தான் போதவில்லை. பாவம், முப்பத்தாறு வருஷம் விடாமல் நடித்தான். "சின்ன வயசுல இந்த ஓடையிலதான் மீன் பிடிப்பேன்" என்று என்றைக்குமே வறண்டு கிடக்கும் வாய்க்காலைக் காட்டுவான். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவோம். அவனைப்போல் உழைக்கிறவன் இந்த மலையடிவாரத்தில் கிடையாது. அவன் கன்றுக்குட்டியைக்கூட அதட்டி நான் கேட்டதில்லை.

அப்புறம் சினிமாக்காரர்கள் வந்தார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய கதையாம். சண்டைக்குப் போய்த் திரும்பிய குடியானவன் அசலா போலியா என்று ஊரே இரண்டுபட்டதாம். இதை எடுக்கத் தோதான ஊர் எங்களுடையதுதான் என்று கண்டுபிடித்திருந்தார்கள். டிவி ஆன்டெனாக்களைப் பிடுங்கினார்கள். புதிதாகத் தார் போட்ட தெருவில் வண்டி வண்டியாகச் சாணத்தைக் கொட்டினார்கள். அந்தச் சாணத்தை ஒழிக்கத்தான் மேயர் ஆயுசில் பாதியைச் செலவழித்திருந்தார்.

ஒனோரே என் கடையில் உட்கார்ந்து கதையைக் கேட்டான்.

"கடைசியில அவனை என்ன பண்றாங்க?"

"தூக்குல போடுறோம்" என்றான் உதவி டைரக்டர், வாய் நிறைய பன்றித்தொடைக் கறியோடு, மகா உற்சாகமாக.

அன்றிலிருந்து ஒனோரேக்குச் சோறு இறங்கவில்லை. ஓலாலி தன்னைத் துரத்திவிடுவாள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. தூக்குக் கயிற்றை நினைத்துக் கலங்குகிற வயசெல்லாம் அவனுக்குக் கடந்துவிட்டது.

சந்தைத் திடலில் படப்பிடிப்பு. ஆகஸ்ட் வெயிலில் எங்களுக்கெல்லாம் கம்பளிச் சட்டை மாட்டிவிட்டார்கள். உதவி டைரக்டர் மெகாஃபோன் குழாயில் கத்தினான்:

"இவன்தான் அவன்னு நம்புறவங்க கிணத்துப் பக்கம் போங்க! இல்லைங்கிறவங்க சர்ச் பக்கம்!"

சர்ச் பக்கம் நிழல் இருந்தது. ஊர் மொத்தமும் சர்ச் பக்கம் போய் நின்றது. கிணற்றடியில் கொளுத்தும் வெயிலில் ஒனோரே மட்டும் தனியாக நின்றான். கேமரா ஓடியது. சொல்லிக் கொடுத்தபடி நாங்கள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் கையை நீட்டிக் கத்தினோம்:

"இவன் இல்ல! இவன் இல்ல!"

ஒனோரே தொப்பியைக் கழற்றினான்.

"ஆமாங்க" என்றான். "நான் இல்ல."

அசல் ஒனோரேயின் தம்பி கஸ்தோனுக்குத்தான் முதலில் எரிச்சல் வந்தது.

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்ணே. தள்ளி நில்லு, கேமராவை மறைக்கிற."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"வந்த மறுநாளே எனக்கு வைக்கோல் வாரிப் போட வந்தியே, அப்போலேருந்து. எங்கண்ணன் அப்பனுக்குக் குழி வெட்டவே வரல. நீ போலின்னு சொல்லிட்டா எங்க வீட்டுச் சரிவு நிலத்தை நான்ல உழுது சாகணும்!"

ஒனோரேயின் முகம் விழுந்துவிட்டது. பயத்தைவிட அவமானம்தான் அதிகம் தெரிந்தது. "அப்ப நான் இத்தனை வருஷம் நடிச்சது?"

"சுமார்தான்" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓலாலி போனாள். சினிமாக்காரர்கள் தலையில் கட்டிவிட்ட வெள்ளைத் துணியோடு வெயிலில் அவன் எதிரே நின்றாள்.

"போயிடுறேன் ஓலாலி" என்றான் அவன். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போறேன்."

"அவன் செத்துட்டானா?"

"விஷக் காய்ச்சல். முகாம்ல எனக்குப் பக்கத்துக் கட்டில்."

"கடைசியில என்ன பேசினான்?"

"வீட்டைப் பத்தித்தான். பன்னி, சோளக்காடு, கூரை ஒழுகுற எடம்... எல்லாம் சொல்லிட்டே இருப்பான். அதை வச்சுத்தான் நான் வந்தேன்."

"என்னைப் பத்தி?"

அத்தனை வருஷம் பொய்யிலேயே குடும்பம் நடத்தியவன் இன்னொரு பொய்யைத் தேடினான். எனக்கே நன்றாகத் தெரிந்தது. அகப்படவில்லை.

"ஒண்ணும் சொல்லல" என்றான்.

ஓலாலி தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப செத்தது அவனேதான்" என்றாள்.

பிறகு அவன் கையிலிருந்த தொப்பியை வாங்கி அவன் தலையிலேயே மாட்டிவிட்டாள்.

"வாய்யா, நிழலுக்கு வா."